தலைச்சன் பிள்ளையும் ஒரு நாள் குஞ்சும்: பல்லடத்துத் தகப்பன்மாரின் முன்தயாரிப்பு குறித்த ஓர் ஆய்வு

தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவன் என்னென்ன முன்தயாரிப்பு செய்கிறான் என்று அவன் வீட்டுக்குள் தேடினால், பல்லடம் வட்டாரத்தில் பெரிதாக ஒன்றும் அகப்படாது. காருக்கு டீசல் போட்டு வைத்திருப்பான். ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சீட்டு எடுத்திருப்பான். ஜாதகம் எழுத ஆள் பார்த்திருப்பான். இவை முறையே போக்குவரத்து, நிதி, வானியல் ஆகிய துறைகளைச் சேர்ந்தவை. குழந்தை வளர்ப்பில் சேரா. ஆனால் இதை வைத்து அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டுவது ஆய்வு நெறி ஆகாது. சான்று வீட்டில் இல்லை. தோட்டத்துக் கோடியில், கோழி செட்டில் இருக்கிறது. பச்சிளம் உயிரை வரவேற்றுப் பேணும் கலையில் அதே ஆள் கரை கண்டவன் என்பதும், அந்தத் தேர்ச்சி ஆசாரத்தைத் தாண்டி வீட்டுக்குள் வராதபடி ஓர் ஏற்பாடு தடுத்து வைத்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சான்றைப் பார்ப்போம். கறிக்கோழிக்குப் பல்லடம் தலைநகரம். பண்ணைக் கொள்முதல் விலையை அன்றாடம் அறிவிக்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு இருப்பதே இங்கேதான். ஒப்பந்தப்படி குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். செட்டும் தண்ணீரும் கரண்டும் உழைப்பும் பண்ணைக்காரர் பொறுப்பு. குஞ்சு வண்டி வருவதற்குப் பல நாள் முன்பே செட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். தேங்காய் மஞ்சியைப் பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, தகரத்தை வட்டமாக நிறுத்திப் புரூடர் கட்டுவார்கள். குஞ்சு வந்து சேரும்முன்பே உள்ளே சூடு ஏறியிருக்க வேண்டும். முதல் வாரம் ஏறக்குறைய 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரம் 5 டிகிரி வீதம் குறைக்க வேண்டும். இதற்குத் தெர்மாமீட்டர்கூடத் தேவையில்லை. குஞ்சுகள் பல்புக்கடியில் குமிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் வெக்கை. ஒரே பக்கம் ஒதுங்கினால் படுதாவில் எங்கோ காற்று நுழைகிறது. பரவலாகப் படுத்திருந்தால் எல்லாம் சரி. பேச்சு வராத உயிரின் தேவையை நின்ற இடத்திலிருந்தே படிக்கும் இந்தப் புலமையைத்தான் குழந்தைநல மருத்துவர்கள் பெற்றோரிடம் எதிர்பார்க்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு போனால் சொல்லாமலே எழுந்து செட்டுக்கு ஓடுகிறவனிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

குஞ்சு பொரிய 21 நாள். பிள்ளைக்கு ஏறத்தாழ 280 நாள். பதின்மூன்று மடங்குக்கும் மேல் அவகாசம் கிடைத்தும் அவன் ஏன் தயாராவதில்லை? விடை, கட்டுச்சோற்றில் இருக்கிறது. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ பொண்ணு வீட்டார் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து வைத்து, மகளைக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அன்றோடு ஒப்பந்தம் தலைகீழாகிறது. செட்டில் பண்ணைக்காரனாக நின்றவன், பிள்ளை விஷயத்தில் கம்பெனி சூப்பர்வைசராகப் பதவி உயர்வு பெறுகிறான். சூப்பர்வைசர் பைக்கில் வருவார், எட்டிப் பார்ப்பார், "தீவனம் எடுக்குதா?" என்று கேட்டு, அட்டையில் எழுதிவிட்டுப் போய்விடுவார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருகிறார், தொட்டிலை எட்டிப் பார்க்கிறார், "பால் குடிக்குதா?" என்று கேட்டு, போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு, சூப்பர்வைசருக்கு மதியச் சோறு கிடையாது. ஆகவே குறை அறிவில் இல்லை. பணி ஒதுக்கீட்டில் இருக்கிறது. ராத்திரி முறை யாருக்கு என்பதுதான் கேள்வி. அது அம்மாயிக்கு என்று எழுதி வைத்துவிட்ட பிறகு, அப்பன் எதற்குத் தயாராக வேண்டும்?

அரசும் இதை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் தாய்க்கு 26 வாரம் தந்தது. தகப்பனுக்கு அதில் ஒரு நாளும் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு மட்டும் தனி விதியின்படி 15 நாள் உண்டு. புரூடர் காலமும் ஏறத்தாழ இரண்டு வாரமே என்பதால், அந்த விதியை எழுதியவர் யாரோ கோழிப் பண்ணை கண்டவராக இருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. தறிக்குடோனிலும் செட்டிலும் வேலை செய்கிறவனுக்கு அந்த 15ம் கிடையாது. தமிழக அரசு 2015இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள். தாய்க்கும் சேய்க்கும் உரியவை. தகப்பனுடைய பங்கு பெட்டகத்தைத் தூக்கிவருவது.

இனி மறுப்புகள். சேவல் அடைகாப்பதில்லை, ஆணுக்கு இது இயற்கையில்லை என்பது முதல் மறுப்பு. பறவைகளைச் சாட்சிக்கு அழைத்தால் எல்லாப் பறவைகளையும் அழைக்க வேண்டும். ஈமுவில் அடைகாப்பது ஆண்தான். எட்டு வாரம் போல ஏறக்குறைய தின்னாமல் குடிக்காமல் உட்கார்ந்து, பொரித்த குஞ்சுகளை மாதக்கணக்கில் அதுவே கூட்டித் திரியும். அந்த உத்தமத் தகப்பன்மேல் கொங்கு நாடு ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் முதலீடே செய்திருந்தது. 2012இல் பெருந்துறையில் ஈமுப் பண்ணை மோசடியின் குட்டு உடைந்தபோது பணம் போயிற்று, பாடமும் கூடவே போயிற்று. மனிதரிலும் சான்று உண்டு. பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகக் குறைந்திருந்தது. தினம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. ஆண் உடம்பும் இந்த வேலைக்கு இணங்கித்தான் போகிறது.

இரண்டாம் மறுப்பு கனமானது: குஞ்சு வேறு, பிள்ளை வேறு. உண்மைதான். 40 கிராம் குஞ்சு ஒரே வாரத்தில் நாலு மடங்காகிறது. பிறந்த குழந்தையோ முதல் சில நாள் எடை குறைந்து, பத்துப் பதினாலு நாளில்தான் பழைய எடைக்குத் திரும்புகிறது. செட்டுப் பழக்கத்தில் தராசு பார்க்கிறவன் பதறிப்போவான். குஞ்சு 45 நாளுக்குள் இரண்டு கிலோவாகி வண்டி ஏறிவிடும். பிள்ளைக்கு அப்படி ஒரு வண்டி வருவதே இல்லை. ஆனால் இவை பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டிய திருத்தங்கள். மாணவனை வெளியே நிறுத்தக் காரணங்கள் அல்ல. தடுப்பூசி அட்டவணையைத் தவறவிடக் கூடாது என்பது வெள்ளைக்கழிச்சல் சொட்டுமருந்து போடுகிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரம் என்று அட்டையைக் கையில் கொடுத்தால் போதும்.

"ஆம்பளைக்கு இங்கென்ன சோலி?" என்பது மூன்றாவது, வாதமாக இது பலவீனம், அதிகாரமாகப் பலம். பாலூட்டுவது ஒன்று நீங்கலாக மற்றதெல்லாம் அவன் சோலிதான். எடை குறைந்து பிறந்த குழந்தையை வெற்று மார்போடு அணைத்துச் சூடு தரும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. அதைத் தகப்பனும் செய்யலாம் என்று மருத்துவம் ஒப்புக்கொண்டுவிட்டது. கரண்டு போனாலும் அணையாத புரூடர் அது. தகரமும் பல்பும் வேண்டாம், ஆள் அங்கே இருந்தால் போதும்.

ஆள் அங்கே இருப்பதற்கு வழி, கட்டுச்சோற்றோடு மாப்பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப் போவதுதான். இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு. மாமியார் வீட்டில் மாப்பிள்ளை கால் வைத்தாலே நாட்டுக்கோழி அடித்தாக வேண்டும். பிள்ளைபெற்ற வீட்டில் பச்சிளங் குழந்தையைவிட அதிகப் பராமரிப்பு கேட்கும் இரண்டாவது உயிராக அவன் மாறிவிடுவான். எனவே பிரசவத்துக்குப் பின் முதல் 15 நாளுக்கு மாப்பிள்ளை விருந்து முற்றிலும் ரத்து, தட்டை அவரே கழுவ வேண்டும், ராத்திரி முறை அவருக்கே என்பது இவ்வாய்வின் பரிந்துரை. செலவில்லாத திட்டமாதலால் அரசு ஆட்சேபிக்காது. ஆட்சேபணை வருமானால் மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்துதான் வரும்.