ஆச்சியின் சட்டிச் சோறு

எங்கள் ஆச்சி கடைசியாகத்தான் சாப்பிடுவாள். ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, பிறகு அடுக்களை மூலையில் சட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, ஒட்டிய பருக்கைகளை மோர் விட்டு வழித்து உண்பாள். என் அம்மாவைச் சுமந்தபோதும் அதே சட்டிதானாம். "அரை வயித்துக்குத் தின்னு. சின்னதா பெத்து, பெரிசா வளத்துக்கலாம்" என்பார்கள். பிரசவத்தில் பெண்கள் செத்துப்போன காலத்தின் பயம் அது. வெறும் கொடுமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெண் சிசுவின் கருமுட்டைகள் அது தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. நான் பிறக்கக் காரணமான முட்டையும் ஆச்சி வயிற்றில்தான் இருந்தது. அந்தச் சட்டிச் சோறு எனக்கும் சேர்த்துத்தான்.

அம்மா ஒல்லி. நாற்பது தாண்டுமுன் சர்க்கரை வந்துவிட்டது. "இந்த உடம்புக்கா?" என்று ஊரே கேட்டது. 1993 முதல் புனே அருகே கிராமத்துத் தாய்மாரைத் தொடர்ந்து கவனித்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அதற்கு விடை சொன்னார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் எடை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. தசையும் உள்ளுறுப்புகளும்தான் சிறுத்திருந்தன. பற்றாக்குறைக்குத் தயாராகிப் பிறந்த உடம்பு, மூன்று வேளையும் அரிசிச் சோறும் சீனிக் காப்பியும் கிடைத்தபோது தாங்கவில்லை.

இப்போது என் மருமகள் ஆறு மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறார்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து, சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களோ "ரெண்டு உசிருக்குத் திங்கணும்" என்று அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் வேண்டாமாம், பிள்ளை கறுத்துவிடுமாம்! கீரைக்கும் பயறுக்கும் முட்டைக்கும் அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை. என் மகன் என்ன தின்கிறான் என்று யாரும் கேட்டதே கிடையாது. தகப்பனின் உடல்பருமனும் புகைப்பழக்கமும் விந்தணுவில் தடம் பதிக்கும் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது என் தங்கை தட்டோடு வரிசையில் நின்றாள். பள்ளி மதிய உணவு உண்ட சிறுமிகள் தாயானபின், அவர்கள் பிள்ளைகளும் நல்ல உயரமாக வளர்ந்ததை 2021-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. இதைப் படித்த பிறகும், பள்ளிக் குழந்தைக்கு முட்டை எதற்கு என்று யாராவது தர்க்கம் பேசினால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.