மிளகுக்கு எத்தனை ரேஷன் கார்டு?

வா மாப்ளே, உக்காரு. பூப்பாறையில கொடி வாடுதேன்னு நான் மண்டையைச் சொறிஞ்சுக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா போன்ல ரெண்டு கோடு போட்டுக் கொண்டாந்திருக்க. பச்சை இலங்கையாம், சிவப்பு வியட்நாமாம். நம்ம நாட்டுக்கு மிளகு எத்தனை டன் வருதுன்னு வருஷவாரியா ஓடுது. யாரு முந்துறான்னு பந்தயம் வேற கட்டுற. பி.காம். படிச்ச புள்ள, கட்டத்தான் செய்யும்.

கேக்குறதுன்னா ஒரு யோசனை சொல்றேன். மேடையில கைதட்டு வாங்கணுமா? கோட்டை 2015-லேருந்து ஆரம்பி. கிலோ அறுநூறு, எழுநூறுன்னு வித்த காலம். அப்புறம் விழுந்ததுக்கெல்லாம் கப்பல் மேலயே பழியைப் போட்டுரலாம். மறந்தும் 2000-லேருந்து ஆரம்பிச்சுராத. அந்த வருஷம் மார்ச்சுலதான் இலங்கையோட தடையில்லா வணிக ஒப்பந்தம் நடப்புக்கு வந்துச்சு. 2010 ஜனவரியில ஆசியான் ஒப்பந்தம். ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டது நம்ம டெல்லிக்காரவுகதான். அப்புறம் நீ யாரைத் திட்டுவ?

இன்னொண்ணு. இது டன் கோடா, ரூபாய்க் கோடா? முழிக்காத. 2017 டிசம்பர்ல கிலோ 500 ரூபாய்க்குக் கீழ மிளகு இறக்கப்படாதுன்னு உத்தரவு போட்டாக. மறு வருஷம் வியட்நாம் மிளகு ஏறக்குறைய அதுல பாதி விலைதான். உடனே பில்லுல மட்டும் 500-ன்னு ஏத்தி எழுதுறாகன்னு நம்ம மிளகு விவசாயிக சங்கமெல்லாம் கத்துச்சு. அப்படி எழுதினா ரூபாய்க் கோடு மலை ஏறும், மிளகு ஒரு மணிகூடக் கூடியிருக்காது.

இப்பக் கணக்கைப் போடு. இலங்கைச் சரக்குன்னா வருஷத்துக்கு 2,500 டன் வரைக்கும் வரியே கிடையாது. அதுக்கு மேல தெற்காசிய ஒப்பந்தத்துல 8 சதவீதம். வியட்நாமுக்கு 50 சதவீதம்னே வச்சுக்க. 500 ரூபாய் பில்லுக்கு இலங்கைச் சரக்குன்னா 40 ரூபாய் வரி, வியட்நாம்னா 250. நீ வியாபாரியா இருந்தா மிளகை எந்த ஊர்லேருந்து வரவைப்ப? வியட்நாம் மிளகுதான் கொழும்புல இறங்கி இலங்கைச் சான்றிதழோட வருதுன்னு புகார் கிளம்பினது இதனாலதான். கம்பத்துல ஒரு ரேஷன் கார்டு, கட்டப்பனையில ஒண்ணுன்னு வச்சிருக்கற நம்ம ஊருக்கு இது புதுசா என்ன?

வியட்நாம்காரன் எக்டேருக்கு ரெண்டு டன்னுக்கு மேல எடுக்குறான். நம்ம கரிமுண்டாக் கொடி அதுல கால்வாசி குடுத்தா பெரிய காரியம். அந்தக் கோடு எங்கப்பா? அதை நீ போடமாட்ட, கேட்டா மாமாவுக்கு வலிக்கும். வந்த மிளகெல்லாம் நம்ம ரசத்துலதான் விழுதுன்னும் நினைக்காத. சத்து எடுக்கற கம்பெனிக வாங்கி, ஓலியோரெசினாக்கித் திரும்ப வெளிநாட்டுக்கே அனுப்புது. அதுக்கு 500 ரூபாய் வரம்பையும் தளர்த்திட்டாக. உன் கோட்டுல அது வந்தது தெரியும், போனது தெரியாது.

நம்ம கணக்கு ஏப்ரல் டு மார்ச், இலங்கை, வியட்நாம் கணக்கு ஜனவரி டு டிசம்பர். ரெண்டையும் ஒரே தாள்ல ஒட்டியிருக்கியா பாரு. நம்ம அறுப்பு டிசம்பர்ல ஆரம்பிச்சு மார்ச்சு வரைக்கும் போகும். விலை எப்ப விழுந்துச்சுன்னு பாக்கணும்னா மாசவாரியா எடு.

சரி, போனை வையி. அடுத்த தடவை வரும்போது ஒவ்வொரு வருஷத்துக்கும் நேரா அந்த வருஷத்து வரி விகிதத்தை எழுதிக்கிட்டு வா. பந்தயம் அப்புறம் கட்டலாம்.