கேப் காக்கும் கழகம்

பெறுநர்: மாண்புமிகு செயற்குழு, நீச்சல் கழகம்.
பொருள்: இளம் நீச்சல் வீரர்களின் பாதுகாப்பு – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: கழகத்தின் சென்ற வாரச் சுற்றறிக்கை (புதிய கேப், ரூ. 450).

இளம் நீச்சல் வீரர்களின் பாதுகாப்பு உச்சந்தலையில் தொடங்குகிறது. கேப் போடாத தலை எதுவும் இந்தக் குளத்தில் நனைந்ததில்லை. மாநிலப் பதக்கம் வாங்கிய தலையானாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு விதியைப் போட்டு, அதை ஆள் பார்க்காமல் நடத்திக்காட்டும் வல்லமை மாண்புமிகு செயற்குழுவுக்கு உண்டு என்பதற்கு இதுவே சான்று. அந்த வல்லமை புருவத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்பது மட்டுமே சிறு குறை.

சென்ற வாரப் பெற்றோர் கூட்டத்தில் இந்தக் குறை சபையேறியது. 13 வயதுப் பெண்ணின் தாய் ஒருவர், விடியற்காலை ஐந்து மணிக்கு மகளுக்கு மட்டும் வைக்கும் தனி வகுப்பின்போது இன்னொரு பெரியவரும் குளத்தருகே இருக்கலாமா என்று கேட்டார். "பயமா இருந்தா பொண்ண செஸ் கிளாஸ்ல சேத்துடுங்கம்மா" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது; தாய் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே கேலரி பூட்டப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், கழக முத்திரை பதித்த புதிய கேப் கட்டாயம் என்று சுற்றறிக்கையும் வந்தது.

செயலாளரின் ஒப்பீட்டில் ஆழ்ந்த பொருள் உண்டு. செஸ் விளையாட யாரும் உடை மாற்றுவதில்லை. நீச்சலில் பிள்ளைகள் நாளுக்கு இருமுறை உடை மாற்றுகிறார்கள், நீச்சலுடையோடு பெரியவர்கள் முன் நடமாடுகிறார்கள். கை வீச்சைத் திருத்த கோச் தொட வேண்டியிருக்கிறது. பயிற்சி இருட்டோடு தொடங்குகிறது. யார் ரிலேயில் இறங்குவது, யார் வெளியூர்ப் போட்டிக்குப் போவது என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளின் கையில் இருக்கிறது. அந்த ஆள் நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கையின்மேல் நடத்தப்படும் கழகம், பூட்டே இல்லாமல் நடத்தப்படும் நகைக்கடை.

உலகம் இதைப் பிள்ளைகளைப் பலிகொடுத்தே கற்றது. 1988 சோல் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் நீச்சல் அணியின் பயிற்சியாளராக இருந்த பால் ஹிக்சன், தன்னிடம் பயின்ற இளம்பெண்களுக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக 1995இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். விளையாட்டில் குழந்தைகளைக் காக்கத் தனிப் பிரிவு ஒன்று பிரிட்டனில் 2001இல்தான் அமைந்தது. அமெரிக்க நீச்சல் அமைப்பு, தான் தடைசெய்த பயிற்சியாளர்களின் பட்டியலை 2010இல் வெளியிட்டது. விளையாட்டில் பிள்ளைகளைக் காக்க அங்கே சட்டம் வர 2018 ஆனது. கோவாவில் 2019இல் காணொலி ஒன்று பரவிய பிறகே ஒரு நீச்சல் பயிற்சியாளர் பதவியிழந்து கைதானார். இந்தக் குளங்களில் கேப் விதி இல்லாமல் போயிருக்காது.

அந்த நாடுகள் கண்ட விதிகள் கேப்பைவிட மலிவானவை. ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் தனித்திருக்கும் எந்தப் பயிற்சியும் மூன்றாமவர் கண்ணில் படும் இடத்தில், அவர் குறுக்கிடக்கூடிய தூரத்தில் நடக்க வேண்டும். கோச் பிள்ளைக்கு அனுப்பும் செய்தி பெற்றோருக்கும் போக வேண்டும். உடை மாற்றும் அறையில் போன் கூடாது. வெளியூரில் கோச்சும் பிள்ளையும் ஒரே அறையில் தங்கக் கூடாது. இவற்றில் எதற்கும் ரூ. 450 ஆகாது.

இந்தக் கழகத்தில் பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆண்டுக் கட்டணத்தை ஒரு நாள் தாமதிக்காமல் வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கத் தெரியவில்லை. வெட்கக்கேடு. எனினும் கதவைப் பிடித்து நிற்கும் பிள்ளை கேப் போட்டிருக்கிறாளா என்று மேற்பார்வையாளர் தவறாமல் பார்க்கிறார் என்பதையும் நன்றியோடு பதிவுசெய்ய வேண்டும்.

தண்ணீருக்குள்ளும் பாதுகாப்பு உண்டு. தாமதமாக வந்த பிள்ளைக்கு மூச்சடக்கி நீரடியில் நீந்தும் தண்டனை தரப்படுகிறது. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு நீரில் அமிழ்ந்தால் உடலில் கரியமில வாயு குறைந்திருக்கும். மூச்சுவிடத் தூண்டுவது அந்த வாயுதான். ஆகவே திணறல் என்ற எச்சரிக்கை வருமுன்பே நினைவு தப்பும். சத்தமும் இருக்காது. ஸ்டாப்வாட்சைப் பார்த்து நிற்கும் கோச்சை லைஃப்கார்டாகக் கணக்கில் காட்டுவது சிக்கனம்தான், ஆனால் அவருக்கு இருப்பது இரண்டே கண்.

இனி புகார். கழகத்தின் விசாரணைக் குழுவில் செயலாளர், செயலாளரின் மைத்துனர், தலைமைப் பயிற்சியாளர் ஆகிய மூவர் இருக்கிறார்கள். மூவருக்கும் கேப் பொருந்தும் என்பதைத் தவிர வேறு தகுதி தெரியவில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களும் வெளியாள் ஒருவரும் கொண்ட உள்ளகக் குழு வேண்டும் என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். விளையாட்டு நிறுவனங்களையும் அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை சம்பந்தப்பட்டால் எந்தக் குழுவும் பேசி முடிக்க முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவரும் நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. தன் கீழுள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. "கழகத்தின் பெயர் கெட்டுவிடும்" என்பதைச் சட்டம் விலக்காக ஏற்கவில்லை.

பிள்ளை காவல் நிலையப் படியேற வேண்டியதும் இல்லை. வாக்குமூலம் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியால், சீருடை அணியாமல் பெறப்படும். உதவிக்கு 1098 என்ற எண் உண்டு. கேப் விதி எழுதிய பலகையில், அதன் கீழே, இதற்கு இடமும் இருக்கிறது.

நகல்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.