குரோக்கஸ் பேச்சைக் கத்தரி கேட்காது

டொராண்டோ, சித்திரை மாதம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே குரோக்கஸ் பூத்துவிட்டது என்று எழுதினால், "அப்புறமென்ன, கத்தரி நாற்றை நட வேண்டியதுதானே" என்கிறீர்கள். இங்கே ஸ்கார்பரோ பக்கம் இருக்கிற நம்மவர்களிலும் பலர் அப்படி நினைத்து ஏப்ரலிலேயே நட்டுவிட்டு, மே மாதம் விதைக்கடைக்காரரைத் திட்டுகிறார்கள். ஆனால் பூ இன்றைய வெயிலுக்கு அத்தாட்சி இல்லை, போன வருஷ வேலைக்குத்தான் அத்தாட்சி. டியூலிப் கிழங்கை அக்டோபரில் புதைக்கும்போதே உள்ளே மொட்டு தயாராக இருக்கிறது. அப்புறம் 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் தண்டு ஒழுங்காக நீளும். ஹை பார்க்கில், 1959இல் டோக்கியோ மக்கள் சார்பில் வந்த செர்ரி மரங்களை ஊரே திரண்டு பார்க்கிறதே, அந்த மொட்டும் முந்தின கோடையில் கட்டியதுதான். கத்தரிக்கு அப்படிச் சேமிப்பு ஒன்றும் கிடையாது. மண் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் வேர் நகராது. உறைபனி விழுந்தால் விடியும்போது வெந்த கீரைபோல் தொங்கும். விவரம் தெரிந்தவர்கள் மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை வருகிற விக்டோரியா தினம்வரை நாற்றை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கிற ஊருக்கே பாடமா என்பீர்கள். அங்கே குறைச்சல் தண்ணீர். ஆடியில் நல்ல மழை நனைத்தால் மானாவாரி நிலம் தயார். தென்னேரி ஏரி நிரம்ப ஐப்பசி, கார்த்திகைவரை காத்திருக்க வேண்டும். வெயிலுக்கு மட்டும் வாலாஜாபாத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. இங்கே தண்ணீர் குழாயில் வருகிறது, வெயில்தான் தவணையில் வருகிறது. எது குறைச்சலோ அதைப் பார்த்து விதைக்கிற புத்தி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். உலகமே சூடாகிவிட்டதே, இன்னும் எதற்கு மே கடைசி என்றும் கேட்கிறார்கள். சராசரி ஏறட்டும், நாற்றைக் கொல்வது சராசரி இல்லை, ஒரே ஒரு ராத்திரி.

பட்டால் தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்பதும் தோட்டத்தில் எடுபடாது. பூ உதிர்ந்ததும் டியூலிப் இலை பார்க்க அசிங்கம் என்று அறுத்துவிடுகிறார்கள். கிழங்குக்குச் சோறு போடுவதே அந்த இலைதான். மஞ்சளாகிக் காயும்வரை விட வேண்டும். தண்டனை அடுத்த ஏப்ரலில் வருகிறது, பூவில்லாத வெறும் இலையாக. அதற்குள் அறுத்தது யாருக்கு ஞாபகம்? பழி அணில்மேல் விழுகிறது. (அணிலும் யோக்கியமில்லை. டியூலிப் கிழங்கைத் தோண்டித் தின்னும். விஷமுள்ள டாஃபடிலைத் தொடாது. ஆனால் இந்தக் குற்றம் அதனுடையதல்ல.) தப்புக்கும் பலனுக்கும் நடுவே ஒரு வருஷம் கிடக்கிறதால், எதை எப்போது செய்தோம் என்று எழுதிவைக்காமல் ஒன்றும் பிடிபடாது. கணக்கு வைக்க வேண்டும் என்பதை நம் உத்திரமேரூர்க்காரர்கள் பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிவிட்டார்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரியைவிடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆள்! வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவர் உறவுக்காரர் பெயரையும் குடவோலையில் எழுதவே கூடாது. அந்தச் சட்டத்தை ஸ்கார்பரோவில் கொண்டுவந்தால் நம் சொந்தத்தில் ஒருத்தரும் மண்வெட்டியைத் தொட முடியாது.

சுரை விதை அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். விதை என்றால் சுங்கத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் சித்தி போட்ட வடகம் கால் கிலோ அனுப்புங்கள். அதை எந்த மாதத்திலும் பொரிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்