மடிக்கத் தெரிந்தவருக்கே வானம்

அமெரிக்காவின் சிறுவிமான ஓட்டிகள் கையாளும் ‘செக்‌ஷனல்’ வரைபடம், 1:5,00,000 அளவில் அச்சாகும் பெரிய தாள். மலை, ஏரி, கோபுரம், அனுமதியின்றி நுழையக்கூடாத வான்வெளி எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலும் வடபாதி ஒரு பக்கம், தென்பாதி மறுபக்கம். எனவே தெற்கு நோக்கிப் பறப்பவர் நடுவழியில், அதுவும் விமானம் குலுங்கும் நேரமாகப் பார்த்து, தாளைத் திருப்பியாக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரின் மூக்குக்கும் அதில் பங்குண்டு. விரித்ததைப் பழையபடி மடிப்பது தனிக்கலை. உரிமத் தேர்வில் ஏனோ அது இல்லை.

பொதுவாக ஆறு மாதம் செல்லுபடியான இத்தாள், 2021 முதல் 56 நாளில் காலாவதியாகிறது. 2010இல் வந்த ஐபேட் இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது. வெயிலில் சூடேறி அது அணையும்போது மட்டும் தாளின் அருமை தெரியும்.

விமானத்துக்குக் காலாவதி கிடையாது. 1956இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 இன்றும் தயாராகிறது. இடையே 1986இல், வழக்குச் செலவுக்கு அஞ்சி நிறுவனம் பிஸ்டன் விமானங்களையே நிறுத்தியது. 18 ஆண்டு கடந்த விமானத்துக்காகத் தயாரிப்பாளரைப் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என 1994இல் சட்டம் வந்த பிறகே மனம் இரங்கியது. சாலை வண்டிகளுக்கு 1996இல் தடையான ஈயப் பெட்ரோலை இவை இன்னும் குடிக்கின்றன. 2030க்குள் விட்டுவிட வேண்டும் என்பது இலக்கு. அலாஸ்காவுக்கு மட்டும் 2032 வரை சலுகை.