வட ஒல்லாந்தும் ஒரு பலாமரமும்

மாத்தளை நகரை விட்டுத் தம்புள்ளை வீதியில் சிறிது தூரம் சென்றால், பெரும் பாறைகளின் இடுக்கிலே அலுவிகாரை என்னும் குகைக்கோயிலைக் காணலாம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் படையெடுப்பும் ஒருங்கே நாட்டை வாட்டியபோது, தலைமுறை தலைமுறையாக ஞாபகத்திலேயே காத்துவந்த திரிபிடகம், அதை மனனம் செய்த பிக்குகள் பட்டினியால் மடியும்போது அவர்களோடு மடிந்துவிடுமே என்றஞ்சி, முதன்முதலாக அதை ஓலையில் எழுதிவைத்தது இங்கேதான் என்பார்கள். மனிதன் மண்டைக்குள் இருப்பது நம்பத்தக்கதன்று, ஏட்டில் ஏற்றுவதே உசிதம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானித்துவிட்ட ஊரிலே பிறந்த என்னை, ஏட்டிலே பத்திரமாகக் கிடக்கும் சட்டங்களையெல்லாம் மறுபடியும் மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு வா என்று பரீட்சை என்னும் ஏற்பாடு பணித்தது. அந்தப் பிக்குகள் செய்த புண்ணிய காரியத்தைத் தலைகீழாகச் செய்ய நேர்ந்ததற்காக அவர்களிடம் க்ஷமை கோருகிறேன்.

சட்டம் படிப்பது என்பது நானாகச் செய்த தீர்மானமன்று. என் பெரியப்பா செய்தது. உக்குவளைப் பக்கத்தில் ஓர் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட காணியிலே மிளகும் சாதிக்காயும் கிராம்புமாக வைத்துக்கொண்டிருக்கும் அவருக்கு, எல்லையோரத்தில் ஒரு பலாமரமும், அதன்மேல் செழித்துப் படர்ந்த மிளகுக்கொடியும், அவ்விரண்டின்மேலும் சதா கண் வைத்திருக்கும் ஓர் அயல் காணிக்காரரும் உண்டு. அந்த மனிதர் என்றைக்காவது ஒருநாள் அந்த மரத்தை வெட்டியே தீருவார் என்பது பெரியப்பாவின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த நாளுக்காகக் குடும்பத்தில் ஓர் அப்புக்காத்து ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய ராஜதந்திரம். அப்புக்காத்து வேறு, புரொக்டர் வேறு என்ற பேதத்தை 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் ஒழித்து, இருவரையும் சட்டத்தரணி என்ற ஒரே இனமாக்கிவிட்ட சமாசாரம் அரை நூற்றாண்டு கழிந்தும் உக்குவளையை எட்டவில்லை. பேசுகிறவன் அப்புக்காத்து, எழுதுகிறவன் புரொக்டர். சிறுபிள்ளை முதல் நான் வாயாடியாதலால் முன்னதற்கே லாயக்கு. இதற்குமேல் என் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை.

படிக்கத் தொடங்கிய பிறகுதான் இலங்கை எவ்வளவு பெரிய நாடு என்பது விளங்கிற்று. கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். யாழ்ப்பாணத்தாருக்கு, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த உத்தியோகத்தர் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை. முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம். குற்றம் செய்வோர் யாவராயினும் அவருக்கு ஆங்கிலேயர் இயற்றிச் சென்ற 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. இவற்றுள் நான் எந்த வகுப்பு என்று ஆராய்ந்து பார்த்தேன். கண்டி ராஜ்யத்தின் மலையடிவாரத்திலே பிறந்திருந்தும் கண்டியச் சட்டம் எனக்கில்லை. தமிழே பேசியும், யாழ்ப்பாணத்து வாசி அல்லனாதலால், தேசவழமையும் எனக்கில்லை. என் போன்ற அநாதைகளின் வாரிசுரிமையை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பரிபாலிக்கிறது. அதுவும் எந்த விஷயத்திலாவது மௌனம் சாதிக்குமாயின், வட ஒல்லாந்தில் வழங்கிய உரோம ஒல்லாந்தச் சட்டத்தைப் பின்பற்றுக என்று தானே கைகாட்டிவிடுகிறது. தென் ஒல்லாந்தின் வழக்கம் வேறு; அங்கே போய்விடலாகாது. ஆகவே, பெரியப்பாவுக்குப் பின் (அவர் நூறாண்டு வாழ்க) உக்குவளைச் சாதிக்காய் மரங்கள் யாருக்கு என்ற பிரச்சினை முற்றுமானால், அதற்குரிய விடையைத் தேடி ஆம்ஸ்டர்டாம் வரையில் போகவேண்டியிருக்கலாம். அங்கே போனாலும் பிரயோசனமில்லை. ஒல்லாந்தர் 1809இலேயே இந்தச் சட்டத்தைக் கைகழுவிவிட்டார்கள். அவர்கள் இறக்கிவைத்த சுமையை மாத்தளையில் ஒருவன் மண்ணெண்ணெய் விளக்கு அணைந்த காலத்துக்குப் பிறகும், மின்விளக்கின் கீழிருந்து, விடிய விடியச் சுமந்துகொண்டிருந்தான்.

இச்சட்டத்தின் மூலபுருஷர்களில் ஒருவராகிய ஹியூகோ குரோசியஸ், அரசியற் பகையினால் லோவெஸ்டைன் கோட்டையில் சிறையிருந்தபோதும் சும்மா இராமல் ஒல்லாந்தச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதியவர். 1621இல் மனைவியின் யோசனைப்படி ஒரு புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து, காவலரே அதைத் தூக்கிச் செல்ல, தப்பித்துப் போனார். ஒரு மனிதனுடைய பாரம் புத்தகத்தின் பாரமாகவே அவர்களுக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானும் அந்த வகைப் புத்தகங்களைத் தூக்கியிருக்கிறேன். புத்தகப் பெட்டிக்குள் புகுந்து விடுதலை அடைந்தவர் அவர்; புகுந்து அகப்பட்டுக்கொண்டவர்கள் நாங்கள்.

மனனம் செய்வதாயின் உரக்கப் படிக்கவேண்டும் என்பது என் கொள்கை. இதனால் வீட்டிலுள்ள அனைவரும் சட்டம் பயின்றனர். அவர்களுக்குப் பரீட்சை ஒன்றுதான் குறை. கண்டியச் சட்டத்திலே, கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதைப் பின்ன விவாகம் என்பர். அவ்வாறு வந்த மாப்பிள்ளை ஒரு கைத்தடியையும் ஒரு தாளிப்பனை ஓலைக் குடையையும் ஒரு தீப்பந்தத்தையும் எப்போதும் வாசலருகே ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்று பழையவர்கள் சொல்வதுண்டு. நள்ளிரவோ நல்ல மழையோ, போ என்ற சொல் எழுந்த மாத்திரத்திலே புறப்பட வசதியாக. இந்தப் பகுதியை நான் ராகம்போட்டுப் படித்த இரவு, அக்காவை மணந்து எங்கள் வீட்டோடேயே தங்கிவிட்ட அத்தான் அடுத்த அறையிலே இருந்தார். மறுநாட் காலையில், வாசலில் வழக்கமாகத் தொங்கும் அவருடைய குடை அறைக்குள்ளே கட்டிலடியிற் பதுங்கியிருந்தது. இச்சட்டம் தமிழராகிய நமக்குச் செல்லாது என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அச்சத்துக்கு நியாயாதிக்க எல்லை தெரிவதில்லை.

தண்டனைச் சட்டக்கோவையோ வேறு விதமான உலகம். அங்கே ஏ என்றும் இசெட் என்றும் இருவர் வசிக்கின்றனர். ஏ என்பவன் இசெட்டின் நாயை இரை காட்டி அழைத்துக்கொண்டு போகிறான். பொக்கிஷப் பெட்டி சுமந்துவரும் மாட்டைத் தன் வழிக்குத் திருப்பிவிடுகிறான். இசெட் வீட்டு மேசையிலே கண்ட மோதிரத்தை அந்த வீட்டிலேயே ஒளித்துவைக்கிறான். நடுவீதியிலே யாருடைய உடைமையிலும் இல்லாமற் கிடந்த மோதிரத்தை எடுத்தபோது மாத்திரம் களவிலிருந்து மயிரிழையில் தப்பி, வேறொரு குற்றத்தின் வாசலிலே போய் நிற்கிறான். 1883 முதல் இன்றுவரை இத்தனை அநுபவித்தும் இசெட் என்பவன் அவனுடைய சகவாசத்தை விட்டபாடில்லை. அவர்களுடைய சரித்திரத்திலே மரம் வெட்டும் கட்டம் வந்தபோது, திண்ணையிற் கண்மூடிக் கிடந்த பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"மரத்த வெட்டுனாலே களவா தம்பி? தூக்கிட்டுப் போகவேணாமா?"

"களவெடுக்கும் எண்ணத்தோட வெட்டி, நிலத்தவிட்டுப் பிரிச்ச அந்த நிமிஷமே களவுதான் பெரியப்பா."

"காத்து சாய்ச்சுட்டா?"

"காத்துக்கு எண்ணம் கிடையாதே."

"நம்ம பக்கத்துக் காணிக்காரனுக்கும் அது கிடையாது. அவன் எதையும் எண்ணிச் செய்யுறவனே இல்ல" என்று சொல்லி, வழக்கு இப்போதே பாதி தோற்றுவிட்டவர்போலக் கவலையோடு சாய்ந்தார். பலாமரத்தை வெட்ட அநுமதிப் பத்திரம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே தனியொரு சட்டம் இருக்கிறது என்று நான் ஆறுதல் கூறிய பிறகுதான் அவருக்கு உறக்கம் வந்தது.

என் நண்பர் குழாம் இப்படியெல்லாம் சிரமப்படவில்லை. அவர்களிடம் டியூட் என்னும் வகுப்புக் குறிப்புகள் இருந்தன. கடந்தகால வினாத்தாள்கள் இருந்தன. எந்த வினா இம்முறை வரும் என்று கணிக்கும் ஜோதிடர் இருவர் இருந்தனர். போன முறை வந்த நத்தை இந்த முறை வராது என்பது ஒருவருடைய சித்தாந்தம். வந்ததே திரும்ப வரும் என்பது மற்றவருடையது. நத்தை என்றது, ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1928இல் ஒரு பெண்மணி அருந்திய ஜிஞ்சர் பியர்ப் போத்தலுக்குள் இருந்ததாகச் சொல்லப்பட்ட நத்தையை. 1932இல் பிரபுக்கள் சபை அளித்த அந்தத் தீர்ப்பின்மீது உலகெங்கும் கவலையீனச் சட்டம் என்ற மாளிகை எழும்பி நிற்கிறது; நத்தை உண்மையிலேயே உள்ளே இருந்ததா என்பதை மாத்திரம் எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை. இதை அறிந்த நாள்முதல், இல்லாத நத்தைக்காகவே இவ்வளவு கண் விழித்தேனோ என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை.

பிரயத்தனமில்லாமல் என் மனத்திலே தங்கிய வழக்கு ஒன்றே ஒன்று. மலைத்தொடருக்கு அப்புறம் மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சின்னத்துரையாகப் பழக 1936இல் வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞன், துரைமாரோடு சேராமல் தொழிலாளர் பக்கம் சேர்ந்து சமசமாஜக் கட்சிக் கூட்டங்களிலே பேசவும் தொடங்கினான். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவனை நாடுகடத்தக் கட்டளையிட்டார். 1937இல் உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவை விசாரித்து, அந்தக் கட்டளை சட்டத்துக்கு அமையாதது என்று அவனை விடுவித்தது. லயத்திலே பிறந்து வளர்ந்த என் தாத்தாவுக்கு இந்த வழக்கின் இலக்கமோ நீதியரசர் பெயரோ தெரியாது. ஆனால், "தொரைய எதுத்த தொரை" என்று அவர் சொல்லும் கதையை நான் பள்ளிக்கூடம் போகுமுன்னரே கேட்டிருக்கிறேன். ஏனைய வழக்குகளிலும் தாத்தா ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு அநுகூலமாக இருந்திருக்கும்!

பரீட்சைக்காக மாத்தளையில் ரயிலேறினேன். 1880இல் இங்கு வந்துசேர்ந்த இருப்புப்பாதை, இதற்கப்பால் போக மனமில்லாமல், இன்றும் இங்கேயே முடிந்து நிற்கிறது. ஆதலால் இடம் பிடிக்கும் தொல்லை இல்லை. அம்மா முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட தேங்காய்களின் தொகையை, என் தைரியம் கெடாதிருக்கும் பொருட்டு, எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார். 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரி இப்போது இருக்கும் கொழும்புப் புதுக்கடையை ஹல்ஸ்டோர்ப் என்றும் அழைப்பர். 1656இல் கொழும்பை முற்றுகையிட்டபோது குண்டுபட்டு இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் ஞாபகார்த்தமாக. கோட்டை விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு தாம் விழுந்தவர் அவர். பரீட்சார்த்திகள் அவர்மீது ஒருவகை அநுதாபம் கொள்வது சகஜம்.

மண்டபத்துக்குள் நடந்தவற்றை வர்ணிக்கப்போவதில்லை. மூன்று மணி நேரம் எழுதினேன், நத்தை வரவில்லை, வட ஒல்லாந்து வந்தது.

பெறுபேறு சாதகமாக வந்த அன்று மாலை, பெரியப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு, காணி உறுதிகளைச் சீலைப் பையிலே சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உடனடியாக வழக்குப் பேச இயலாது, ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிற்சி பெற்று, அதன்பின் உயர் நீதிமன்றத்திலே சத்தியப்பிரமாணம் செய்த பிறகுதான் நான் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கலாம் என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, பையைத் திரும்பச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உக்குவளைக்குப் புறப்பட்டார். நேரே அயல் காணிக்காரர் வீட்டுக்குச் சென்று, அந்த மரத்தை வெட்டுவதை மட்டும் எப்படியாவது ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளும்படி அவரை மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டாராம்.