முல்லையோ நெய்தலோ? ராணுவ லாரியில் குடும்ப சமேதராய்க் கடற்கரை சேரும் ஒழுக்கம் பற்றிய திணை விசாரணை

சைன்யத்திலிருந்து கழிக்கப்பட்ட லாரி ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் முதுகிலிருக்கும் பெட்டியைப் படுக்கையும் அடுப்பும் அலமாரியும் அமைந்த அறையாக மாற்றி, மனைவி மக்களை அதில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குச் சென்று தங்கி மீளும் வழக்கம் ஐரோப்பாக் கண்டத்தில், சிறப்பாக ஜெர்மானியர் நடுவே, நன்கு வேரூன்றி நிற்கிறது. இவ்வழக்கத்தின் செலவைப் பற்றியும் சுகத்தைப் பற்றியும் பேசுவோர் பலர். ஆனால் இவ்வொழுக்கம் ஐந்திணையுள் எத்திணையின்பாற்படும் என்னும் மூல வினாவை எழுப்பியவர் எவரும் நம் பார்வைக்கு அகப்படவில்லை. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும் ஆதலால் இதில் ஆராய என்ன உளது என்று எழுந்து போக நினைக்கும் அன்பரைச் சற்றே அமர்ந்திருக்குமாறு வேண்டுகிறோம். நிலத்தை மட்டும் கண்டு திணை சொல்லிவிடலாம் என்றால் இலக்கண ஆசிரியர்கள் உரிப்பொருள் என்று ஒன்றை வகுத்தது எதற்காக?

விஷயம் விரிந்து கைமீறிப் போகாமலிருக்கும் பொருட்டு ஒரு வண்டியையும் ஒரு கரையையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். வண்டி, மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்தாபனத்தார் செய்த யூனிமாக் 404. கரை, டென்மார்க்கின் தென்மேற்கு மூலையில் ஜெர்மன் எல்லைக்கு அணித்தே கிடக்கும் ரோமோத் தீவின் மேல்கரை.

வண்டியின் குலத்தொழில் உழவு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, ஆல்பர்ட் ஃப்ரீட்ரிக் என்னும் பொறியியல் நிபுணர் உழவருக்கென்று ஒரு வண்டியைத் திட்டமிட்டபோது, இரண்டு பக்கத்துச் சக்கரங்களுக்கும் நடுவே 1270 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். உருளைக்கிழங்குப் பாத்தியில் இரண்டு வரிசைகளுக்கு ஆகும் அகலம் அவ்வளவே என்பதுதான் காரணம். 1948-இல் உற்பத்தி தொடங்கி, 1951-இல் காகெனாவ் நகரத்து ஆலைக்கு மாறிய அக்குலத்தில், 1955 முதல் 1980 வரை பிறந்த அறுபத்து நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகள் 404 என்னும் எண்ணைப் பெற்றுப் பெரும்பாலும் பட்டாளத்தில் சேர்ந்தன. உழவர் குடியில் தோன்றிப் படையில் சேர்ந்து, வானப்பிரஸ்தம் கொள்ள வேண்டிய வயதில் கிருகஸ்தாசிரமத்தில் புகுகின்ற இத்தகைய ஜாதகம் மானிடரிலும் அரிது.

அதன் அவயவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மற்ற லாரிகளில் அச்சு சக்கரத்தின் நடுமையத்தில் வந்து சேரும். இதிலோ அச்சு மையத்துக்கு மேலே நின்றுவிட, சக்கரத்தருகே உள்ள பல்சக்கரங்கள் சுழற்சியைக் கீழே இறக்கிக் கொடுக்கின்றன. அதனால் வயிற்றுக்கும் பூமிக்கும் நடுவே சுமார் 40 சென்டிமீட்டர் வெற்றிடம் கிடைக்கிறது. நான்கு சக்கரங்களும் உந்தும். முன்னச்சையும் பின்னச்சையும் பூட்டிவிட்டால் ஒரு சக்கரம் சேற்றில் வீணே சுழல மற்றது சும்மா நிற்கும் அவலம் இல்லை. முன்னே செல்ல ஆறு கியர், பின்னே வர இரண்டு. பட்டை வில்லுக்குப் பதிலாகச் சுருள்வில். இவ்வளவு சாமர்த்தியமும் சேற்றையும் பள்ளத்தையும் மணலையும் எதிர்நோக்கிச் செய்யப்பட்டது. எதிர்நோக்கி என்ற இச்சொல்லை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. நமது சித்தாந்தம் முழுவதும் அதன்மேல்தான் எழும்பப் போகிறது.

ஏனெனில், மேற்கு ஜெர்மனியின் புதிய சைன்யம் 1955 நவம்பரில் தோன்றியபோது, கிழக்கேயிருந்து ஒரு பெரும்படை வரும், அதை எதிர்க்க வேண்டும் என்பதே அதன் கவலையாக இருந்தது. அந்தப் படை வரவேயில்லை. அதனால் அச்சைன்யத்து யூனிமாக்குகள் ஒத்திகைக்குப் போயின, கொட்டிலுக்குத் திரும்பின, எண்ணெய் பூசப்பெற்றன, மறுபடி கொட்டிலில் நின்றன. இவ்விதமாகவே தம் யௌவனத்தைக் கழித்தன. போர்ச்சுகல் நாட்டார் ஆப்பிரிக்காவில் நடத்திய யுத்தத்தில் யூனிமாக்குகள் மெய்யாகவே ஓடினவே என்று ஆட்சேபிப்பார் உளரெனின், அவை வேறு கொடி கண்ட வண்டிகள், நம் ஆய்வுக்குப் புறம்பானவை என்று விடை கூறி மேலே செல்வோம்.

இனி இல்லறப் பிரவேசம். உபரிப் பண்டங்களை விற்பதற்கென்று ஜெர்மன் அரசாங்கம் வைத்திருக்கும் வேபேக் என்னும் கழகத்தின் வழியாகவோ, அதனிடம் மொத்தமாய் வாங்கிச் சில்லறையாய் விற்கும் வியாபாரி வழியாகவோ வண்டி குடும்பஸ்தன் கைக்கு வருகிறது. குடும்பத்துக்கு மிகவும் உகந்தது கம்பியில்லாத் தந்தி நிலையமாக இருந்த வண்டி. முதுகில் மூடிய பெட்டியும், அதற்கு ஜன்னலும் கதவும் ஏற்கெனவே இருப்பதால், செய்தியாளர் அமர்ந்த பலகை படுக்கையாகிறது, கருவிகள் நின்ற மேசை அடுப்படியாகிறது. இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் அறையில் இருப்பவை இரண்டே ஆசனங்கள். பிள்ளைகளுக்கு இருக்கையும் வாரும் பின்பெட்டியில்தான் அமைக்க வேண்டும். அறைக்கும் பெட்டிக்கும் நடுவே பிறவியில் வழி கிடையாது. ஆகவே, காடு மலை தாண்டித் தூரதேசத்துப் படைகளோடு பேசுவதற்கென்று செய்யப்பட்ட அதே வாகனத்தில், இரண்டு முழத்துக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தந்தையிடம், தனக்கு அவசரமாக இறங்க வேண்டும் என்னும் சிறு விண்ணப்பத்தைத் தெரிவிக்க இயலாமல் ஒரு குழந்தை தகரச் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு சிலிண்டர் என்ஜினும் பல்சக்கரங்களும் போடும் இரைச்சலில் அத்தட்டல் ஏதோ ஒரு திருகாணி கழன்ற ஓசையாகத் தந்தையின் செவிக்குப் படுகிறது. அவர் வண்டியை ஓரங்கட்டி அடியில் புகுந்து திருகாணி தேடுகிறார். குழந்தையும் அதற்குள் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சுவரை அறுத்து வழி வைக்கிறார்கள், அல்லது கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி இரண்டு வாங்குகிறார்கள். தந்தி வண்டிக்குள் தந்திக் கருவி மீண்டும் வந்து சேர்ந்தது என்று இதைக் கொள்ளலாம்.

சட்டமும் தன் பங்குக்கு வேடிக்கை செய்கிறது. 1999-ஆம் ஆண்டுக்கு முன் ஜெர்மனியில் கார் ஓட்டும் உரிமம் பெற்றவர் ஏழரை டன் வரையுள்ள வண்டியை ஓட்டலாம். பின் பெற்றவருக்கு மூன்றரை டன்னே எல்லை. எனவே இளைய தம்பதிகள், மூன்று டன்னை ஒட்டி நிற்கும் வெறும் வண்டியை மூன்றரை டன் என்று பதிவு செய்துவிட்டு, எஞ்சிய சிறு பாரத்துக்குள் குடும்பத்தையும் தண்ணீரையும் பாத்திரபண்டங்களையும் அடக்கப் படாதபாடு படுகிறார்கள். ஒன்றரை டன் தளவாடத்தைச் சளைக்காமல் சுமந்த வண்டியின் நிழலில் நின்றுகொண்டு, இரும்பு வாணலி வேண்டுமா, அலுமினிய வாணலி போதுமா என்று கணவனும் மனைவியும் தராசும் கையுமாக வாதிடுவதைக் காட்டிலும் சோகமான காட்சியை நாம் அறியோம். முப்பது வயது கடந்த வாகனம் பழமை கெடாமல் இருந்தால் அதைச் சரித்திரச் செல்வமாக மதித்து ஆண்டுக்கு இருநூறு யூரோவுக்குள் வரியை முடித்துக்கொள்ளும் தயை மட்டும் அந்நாட்டுச் சட்டத்துக்கு உண்டு.

ஹாம்பர்க்கிலிருந்து ரோமோவுக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 95 கிலோமீட்டர் என்று கையேடு கூறும். காது உடையவர் எவரும் அந்த வேகத்தில் நெடுந்தூரம் செல்லார். நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் குடிக்கும். பால் லாரியும் மர லாரியும் தாண்டிச் செல்ல, மாலைக்குள் தீவை எட்டினால் போதும் என்று தேவதைகளை வேண்டிக்கொண்டு செல்லும் இப்பிரயாணத்தைக் கடுகிச் செல்லுதல் என்று எந்தப் புலவரும் பாட மாட்டார்.

தீவுக்குப் போகும் பாதை, 1948-இல் திறந்த சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அணைப்பாதை. இருபுறமும் வாடன் கடல். கடல் வற்றும்போது சேற்றுவெளி, பெருகும்போது நீர்வெளி. இதன் டேனிஷ் பகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உலக இயற்கைச் செல்வங்களோடு சேர்க்கப்பட்டது. கரையோர அணைச்சரிவுகளில் ஆடுகள் மேயும். ஆட்டைக் கண்ட மாத்திரத்தில் அது நெய்தலின் கருப்பொருளன்று, முல்லையின் பாற்பட்டதாயிற்றே என்று ஐயம் எழ வேண்டும், நமக்கும் எழுந்தது, ஆயினும் ஆட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசர புத்தி.

இப்போது பிரதானமான உண்மைக்கு வருகிறோம். ரோமோவின் மேல்கரை கிலோமீட்டர்க் கணக்கில் அகன்று கிடப்பது; மணலோ அலை தட்டித் தட்டி இறுகியது; அதன் சில பகுதிகளில் வாகனங்களை ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு. வாகனம் என்றால் சிறுகாரும் அதில் அடக்கம். இரண்டு அச்சையும் பூட்டிக்கொண்டு, டயரில் காற்றைக் குறைத்து, முகத்தில் கம்பீரத்தைத் தேக்கி நம் குடும்பத் தலைவர் மணலில் இறங்குகையில், அவருக்கு வலப்புறம் ஒரு பாட்டியம்மை சின்னஞ்சிறு காரில் மடியில் நாய்க்குட்டியோடு அநாயாசமாக அவரைக் கடந்து செல்கிறார். நாற்பது சென்டிமீட்டர் வெற்றிடமும் பல்சக்கர அச்சும் வண்டியில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேலை இல்லை. தவிரவும், காட்டில் எவர் கண்ணிலும் படாதிருப்பதற்கென்று பூசிய 6014 என்னும் எண்ணுள்ள மஞ்சள்கலந்த ஆலிவ் பச்சை, வெண்மணற் பரப்பில் எல்லாக் காரையும்விட முதலில் கண்ணில் படுகிறது. தீவில் மணற்குன்றுகளின் நடுவே அட்லாண்டிக் அரண் என்னும் பெயரால் ஹிட்லரின் படையினர் கட்டிய காங்கிரீட் காப்பறைகள் இன்றும் கிடக்கின்றன. அவையும் தீவின் கரையில் எவர் வருகைக்கென்று கட்டப்பட்டனவோ, அவர் வரவேயில்லை. வந்து இறங்கியது பிரெஞ்சு தேசத்து நார்மண்டியில்.

ஆயினும் நம்பிக்கை அறவே அற்றுவிடுவதில்லை. நீரை ஒட்டிய ஈர மணல் இளகலானது. விவரமறியாதவர் அங்கே காரை இறக்கினால் சக்கரம் புதையும். கடல் பெருகும் வேளையும் அதுவானால் நிலைமை நெருக்கடிதான். ஆகவே நம் குடும்பத்தார் பெட்டியின் பின்வாசலில் ஏணியைச் சாய்த்து, காபியைக் கையில் ஏந்தி, எவருக்காவது அத்தகைய ஆபத்து நேராதா, தம் கொக்கியும் கயிறும் பயன்படாதா என்று நீர்விளிம்பையே நோக்கியிருப்பர். பரோபகாரத்தின் பொருட்டுப் பிறர் துன்பத்தை இத்துணை ஆவலோடு எதிர்பார்க்கும் சீலம் அறநூல்களில் எந்த வகுப்பில் அடங்கும் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. கார் சிக்கும் நாளும் உண்டு. ஆனால் கயிற்றை அவிழ்த்து எடுப்பதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவர் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டுப் போய்விடுகிறார். வண்டியின் குலத்தொழிலே உழவு என்பதை நினைத்தால் இத்தோல்வி இரட்டிப்பாக வலிக்கும்.

பொழுது சாய்கிறது. ரோமோவின் கடற்கரையில் வண்டியில் இரவு தங்குதல் சட்ட விரோதம். அலை ஓசைக்கு மத்தியில் துயில வேண்டும் என்று வந்தவர்கள் அடுப்பை அணைத்து, ஏணியை மடக்கி, குன்றுகளுக்கு அப்பால் லகோல்க்கில் உள்ள கட்டணக் கூடார மைதானத்துக்குக் கிளம்புகிறார்கள். நெய்தற் கட்சியார் இங்கேதான் குதூகலிப்பர். கடற்கரை நிலம், எற்பாட்டுப் பொழுது, வருந்திப் பிரியும் இரங்கல், முதலும் உரியும் பொருந்தின, வழக்கு முடிந்தது என்பர். முடியவில்லை. அவ்விரங்கல் மணலிலிருந்து மைதானம் வரையில் நிலைப்பது, அவ்வளவே. துரித உணவு கிடைத்ததும் மறந்துபோகும். அரை நூற்றாண்டாக இவ்வண்டியோடு கூடவே வருவது வேறொன்று. பட்டாளத்தில் இருந்தபோது பகைவனுக்காகக் காத்திருந்தது. குடும்பத்துக்கு வந்தபின் சேற்றுக்காகக் காத்திருக்கிறது. அதன் உடையவர் பிறர் கார் புதைவதற்காகக் காத்திருக்கிறார். பிள்ளை தட்டலுக்குப் பதில் வரக் காத்திருக்கிறது. இது இருத்தல். சனிக்கிழமைதோறும் எண்ணெய் பூசுவதும், உப்புக்காற்றின் துரு ஏறாமல் அடிச்சட்டத்தைக் கழுவுவதும் இருத்தல் நிமித்தம். முல்லையின் உரிப்பொருள் இதுவேயன்றி வேறென்ன? நிலம் முதலியவை மயங்கலாம், உரிப்பொருள் மட்டும் மயங்காது என்பது இலக்கணம். அதன்படி கடற்கரை வந்து மயங்கியிருக்கிறது, திணை மயங்கவில்லை. முல்லைக்குரிய கார்ப்பருவம் எங்கே என்று கேட்பவர், விடுமுறையின் பின்பாதி ஆவணியில் விழுவதையும், அப்போது வடகடல் மழை பெட்டியின் கூரையைத் தகரமென்று நிரூபிப்பதையும் அறியாதவர்.

ஓர் ஆட்சேபம் மட்டும் கனமானது. முல்லைக்குப் பாசறை உரியது; பாசறையிலோ தலைவன் மனைவியோடு கூடியிருத்தல் ஆகாது என்று தொல்காப்பியர் விலக்கியிருக்க, இவர்கள் மனைவி சமேதராய் அல்லவா பாசறை இறங்குகிறார்கள் என்பர். அன்பர்கள் அப்பெட்டியின் அகலத்தைக் கண்டிரார். படுக்கை ஒன்று, அதன் ஓரத்தில் தலைவன், மறு ஓரத்தில் தலைவி, நடுவே குறுக்கும் நெடுக்குமாய்ப் பிள்ளைகள் இருவர், காலடியில் ஈரத் துண்டுகள். தொல்காப்பியரின் விதி இங்கே காக்கப்படுவதுபோல் பண்டைச் சேர சோழ பாண்டியர் பாசறையிலும் காக்கப்பட்டிருக்குமோ என்பது ஐயமே.

ஆதலின், ராணுவ லாரியில் குடும்ப சமேதராய்க் கடற்கரை சேரும் ஒழுக்கம் முல்லைத்திணையே என்பது எமது துணிபு. மாறுபடுவோர் ஒருமுறை ரோமோ சென்று நேரில் பார்த்துவிட்டு வாதுக்கு வருவாராக. அதற்காக லாரி வாங்க வேண்டியதில்லை, எந்தச் சிறுகாரும் போதும்.